மணி என்ன, மேஸ்திரி?

மாரிமுத்துவுக்குக் கண் போன கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கரும்புச் சோகை கிழித்துவிட்டது என்பார்கள் சிலர். அவன் தலையெழுத்து என்று கையை மேலே காட்டுவார்கள் சிலர். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். கிழித்தது சோகைதான். கெடுத்தது நான்.

என் பெயர் செல்லப்பன். ஏம்பலத்தில் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. என்னிடம் பத்து ஜோடி இருந்தார்கள். எங்கள் வேலையே ஜோடி வேலை. புருஷன் வெட்டிக்கொண்டே போவான், பொண்டாட்டி பின்னாலேயே வந்து காய்ந்த இலையான சோகையைக் கழித்துக் கட்டு கட்டுவாள். ஒருத்தர் படுத்துக்கொண்டால் மற்றவருக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. இது நான் போட்ட சட்டம் இல்லை. ஆனால் மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை.

அந்தப் பத்து ஜோடியில் மாரிமுத்துவும் அமிர்தமும் முதல் ஜோடி. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இருவரும் வேலையே கதி என்று இருந்தார்கள். மாரிமுத்துவுக்கு இடது கண் நான்கு வயதிலேயே அம்மை போட்டதில் வெளுத்துப் போயிருந்தது. வலது கண் ஒன்றுதான். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவன் வெட்டுகிற வெட்டை நான் எவனிடமும் பார்த்ததில்லை. மண்ணை ஒட்டி ஒரே போடு. கட்டை நிற்காது.

“ஒரு கண்ண வெச்சிக்கினு இவன் வெட்றான், ரெண்டு கண்ணு இருக்கற உங்களுக்கு இன்னாடா கேடு?” என்று மற்றவர்களைத் திட்டுவேன்.

“ரெண்டு கண்ணு இருக்கறவன் ரெண்டு பக்கம் பாப்பான் மேஸ்திரி. நான் கரும்ப மட்டும் பாக்கறேன்” என்பான் அவன். அமிர்தம் பின்னாலிருந்து, “என்னையும் பாக்க மாட்டான்” என்பாள். வயலே சிரிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம். பாகூர்ப் பக்கம் ஒரு வயல். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் நான்கு நாளைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த நாளுக்குள் கரும்பை வெட்டி லோடு ஏற்றாவிட்டால் முறை தள்ளிப்போகும், கரும்பு காயும், விவசாயி என் சட்டையைப் பிடிப்பான். இரண்டாம் நாள் மத்தியானம் வெட்டிக்கொண்டிருந்த மாரிமுத்து அப்படியே கத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். சோகையின் ஓரம் அரம் மாதிரி இருக்கும். அது அவன் வலது கண்ணில் குறுக்கே இழுத்துவிட்டது.

குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். அமிர்தம் பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றவள் ஒருத்தியிடம் கூட்டிப்போய்த் தாய்ப்பால் விட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றான். நியாயமாக நான், போடா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் போனால் அமிர்தமும் போவாள். முதல் ஜோடி இல்லாமல் இரண்டு நாளில் அந்த வயலை முடிக்க முடியாது.

அதற்கு முந்தின தீபாவளிக்கு முன்தான் வில்லியனூர் முகாமில் பெயர் கொடுத்து எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அப்போது கொடுத்த சொட்டு மருந்தில் அரை பாட்டில் மிச்சம் வைத்திருந்தேன். என் சிவப்பையெல்லாம் நாலே நாளில் தீர்த்த மருந்து. அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தேன்.

“தெனம் நாலு தடவ போடு. நாளைக்கு லோடு முடிஞ்சிடும். அப்பறம் வேணும்னா போய்க்கலாம்.”

என் மனைவி ஜெயா வீட்டிலேயே தடுத்தாள். “நீ இன்னா டாக்டரா? கண்ணு விசயம்யா.”

“உனக்கு இன்னா தெரியும், போடி” என்றேன்.

மருந்து வேலை செய்தது. அதுதான் கொடுமை. அன்றைக்கே எரிச்சல் அடங்கியது, மறுநாள் சிவப்பும் குறைந்தது. “தேவலாம் மேஸ்திரி” என்று சொல்லிவிட்டு இரண்டு நாளும் வெட்டினான். கட்டிங் ஆர்டர் முடிவதற்கு அரை நாள் முன்னாலேயே கடைசி லோடு போனது. பார்த்தாயா என்று ஜெயாவிடம் மார்தட்டினேன். அப்படியே அவனும் ஆஸ்பத்திரியை மறந்தான், நானும் மறந்தேன்.

பத்தாம் நாள் கருவிழியில் பூ விழுந்தது. வெள்ளையாக, மிளகு அளவு. இரண்டே நாளில் அது பரவி, கட்டிலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கச் சுவரைத் தேட ஆரம்பித்தான். அப்போதுதான் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா கருவியில் அவன் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். அமிர்தம் மடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

“இத யார் குடுத்தது?” டாக்டரம்மாவின் குரலே மாறிவிட்டது. “சோகை கிழிச்ச இடத்துல பூஞ்சை பிடிச்சிருக்கு. இந்த மருந்து சிவப்பைத்தான் அடக்கும். பூஞ்சைக்கு இது தீனி போட்ட மாதிரி. யார் குடுத்தது?”

நான் அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

“கடைல வாங்கனேங்கம்மா” என்றான் மாரிமுத்து.

எந்தக் கடை என்று அவர் கேட்டார். மறந்துபோச்சு என்றான். அமிர்தம் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். நானோ, அறுபதை நெருங்குகிற ஒருத்தன், இருபது ஆளை அதட்டி வேலை வாங்குகிறவன், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

புண் ஆழமாகிக் கண்ணே ஓட்டை விழுகிற நிலைமைக்கு வந்தது. கருவிழியை மாற்றினால்தான் உண்டு என்றார்கள். அதிர்ஷ்டம், அந்த வாரமே ஒரு கருவிழி வந்தது. எந்த ஊரிலோ யாரோ செத்து, அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்தது. யார் என்று சொல்ல மாட்டார்களாம். அமிர்தம் அந்த முகம் தெரியாத ஆளுக்கு மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள்.

கட்டுப் பிரித்த பிறகு முதலில் வெளிச்சம் தெரிந்தது, அப்புறம் ஆள் அசைவது தெரிந்தது. ஒன்பதாம் நாள் அமிர்தத்தின் மூக்குத்தி தெரிந்தது. “இன்னாடி இப்பிடி நரச்சிப் போய்ட்ட?” என்று கேட்டானாம். அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொல்லும்போது சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. நான் அன்றைக்கு இரண்டு தட்டு சோறு தின்றேன். ஒரு மாதமாகத் தொண்டையில் இறங்காத சோறு.

அந்தப் பார்வை இருபத்திரண்டு நாள் இருந்தது. இருபத்து மூன்றாம் நாள் காலையில், “இன்னா இவ்ளோ பனி?” என்று கேட்டிருக்கிறான். பனி இல்லை. பங்குனி வெயில். வைத்த கருவிழியை உடம்பு ஏற்கவில்லை, மங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. உள் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கண் ஆறட்டும், இன்னொரு கருவிழி வைத்துப் பார்க்கலாம், பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தோம்.

ஆஸ்பத்திரியில் கண் தானத்துக்கு எடுத்துச் சொல்கிற பெண் ஒருத்தி இருந்தாள், சகாயராணி. பொறுமைசாலி. அவளிடம் போய், எப்போது கிடைக்கும் என்று சண்டைக்கு நின்றேன்.

“நாங்க செஞ்சு விக்கிற பொருள் இல்ல ஐயா” என்றாள். “ஒருத்தர் செத்து ஆறு மணி நேரத்துக்குள்ள எங்களுக்கு போன் வரணும். நாங்க வந்து இருபது நிமிசத்துல எடுத்துடுவோம். முகம் மாறாது, ரத்தம் வராது. ஆனா யாரும் போன் பண்றதில்ல. எல்லாம் நெருப்புக்கும் மண்ணுக்கும் போவுது.”

“எங்க ஊர்க் கண்ணு வந்தா எங்க ஆளுக்கு வைப்பீங்களா?”

“அப்படி எழுதிக்க முடியாது. ஆனா ஒவ்வொரு கண்ணு வந்தாத்தான் வரிசை நகரும்.”

நான் ஒரு கட்டு ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்தேன். முதலில் என்னுடையதை எழுதினேன். அடுத்து ஜெயா கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டித்தான் போடுவாள், அதற்கே ஐந்து நிமிஷம் ஆகும். “உயிரோட இருக்கசொல்ல ஒரு எடத்துக்கும் கூட்டிம்போவல. செத்த பெறவாவது என் கண்ணு நாலு ஊரு பாக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

அதிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் நான் போய் நின்றேன். மாலையை வைத்துவிட்டு, வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மணி நேரம், இருபது நிமிஷம், முகம் மாறாது, ரத்தம் வராது என்று ஒப்பித்தேன். சுப்புராயன் செத்த அன்று அவர் பொண்டாட்டி தையலம்மாள் என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டாள்.

“எம் புருசன குருடனா அனுப்பச் சொல்றியா? மேல போயி எப்பிடிய்யா வழி தேடுவாரு? உம் பொண்டாட்டி செத்தா நீ குடுப்பியா?”

“குடுப்பேன்” என்றேன். சத்தமாகவே சொன்னேன். ஜெயாவும் கூட்டத்தில் இருந்தாள்.

ஏழு வீட்டில் இல்லை என்றார்கள். எட்டாவது வீட்டில் மகன்கள் கூடிப் பேசிச் சரி என்று சொல்வதற்குள் ஆறு மணி நேரம் தாண்டிவிட்டது. நான் தெருவில் நடந்தால், கழுகு வருதுடா என்று பின்னால் சொல்வது காதில் விழும். சொல்லட்டும் என்று விட்டேன். அவன் கண்ணுக்கு முன்னால் என் மானம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

மாரிமுத்து மணி கேட்கப் பழகிக்கொண்டான். எங்கேயாவது சாவு மேளம் கேட்டால் அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பும். யார், எப்போது போனார், இப்போது மணி என்ன என்று கேட்பான். கேட்டு முடித்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வான்.

“மேளம் கேட்டா மனசு குதிக்குது மேஸ்திரி” என்றான் ஒரு நாள். “அடுத்தவன் வூட்டு எழவுல எனக்கு இன்னா சந்தோசம்? செருப்பால அடிச்சிக்கலாம் போல இருக்குது.”

 எனக்கும் குதிக்கத்தான் செய்தது.

அடுத்த வருஷம் ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஜெயா குடத்தோடு சாய்ந்தாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், நெஞ்சு நின்றுவிட்டது, உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார்கள். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். பந்தல் போட்டார்கள், கண்ணாடிப் பெட்டி வந்தது. பெங்களூரில் இருக்கிற என் மகள் கார்த்திகா போனில் கதறினாள். “நான் வர்ற வரைக்கும் எங்கம்மாவ யாரும் தொடக்கூடாதுப்பா. யாரும்.”

சகாயராணியின் நம்பர் என் சட்டைப் பையில், போனுக்குள் இருந்தது. அழுத்தினால் போதும்.

ஜெயாவின் இடது இமை சரியாக மூடவில்லை. நான் கையால் மூடினேன். கையை எடுத்ததும் மறுபடி கொஞ்சம் திறந்துகொண்டது. அந்த இடுக்கு வழியாக அவள் என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. முப்பத்தைந்து வருஷம் என்னைத் திட்டுகிறதுக்கு முன்னால் அப்படித்தான் பார்ப்பாள். அந்தக் கண்ணை ஒருத்தர் வந்து எடுத்துக்கொண்டு போக நான் எப்படிச் சொல்வேன்? எட்டு வீட்டில் பேசிய வாய்தான். என் வீட்டில் திறக்கவில்லை. மகள் மேல் பழி போடலாம். அவளிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். நான் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு மாரிமுத்து அமிர்தத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தையலம்மாளும் வந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஊரில் எல்லோருக்கும் நான் சொன்ன சொல் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

வெளியே வந்து மாரிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நடையை வைத்தே தெரிந்துகொண்டு கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.  தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. பன்னிரண்டரை. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டு ஓடுவது பந்தல் வரைக்கும் கேட்டது.

“மணி என்ன, மேஸ்திரி?” என்றான்.

“பத்தரை” என்றேன்.

பள்ளிக்கூடச் சத்தம் இன்னும் ஓயவில்லை. கண் போன பிறகு அவன் காது எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. என் கையை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை.

“சரி. இன்னும் நேரம் இருக்குது” என்றான்.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. மூன்று மணிக்குக் கார்த்திகா வந்து விழுந்து புரண்டாள். நாலரைக்கு எடுத்தோம். யார் தோளையோ பிடித்துக்கொண்டு அவனும் சுடுகாடு வரைக்கும் வந்தான். இரண்டு பேருக்குப் போயிருக்க வேண்டிய கண்ணுக்கு நானே கொள்ளி வைத்தேன். நாலு ஊர் பார்க்கிறேன் என்றவளை அந்த நாலு கெஜ இடத்திலேயே முடித்துவிட்டேன்.

காரியம் முடிந்த பதினாறாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அமிர்தம் டீ போட உள்ளே போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து என்னுடையது என்று டாக்டரம்மாவிடம் சொல்லாமல் நின்றதைச் சொன்னேன். அன்றைக்குப் பத்தரை இல்லை, பன்னிரண்டரை என்றும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“பாட்டிலு உன் வூட்டுதுன்னு எனக்குத் தெரியாதா? குடுத்தது நீ, கைய நீட்டனது நான்” என்றான்.  “அன்னைக்குப் பள்ளிக்கூட மணி எனக்கும் கேட்டுச்சி. அமிர்தமா இருந்தா நானும் வுட்டிருக்க மாட்டேன் மேஸ்திரி. வுடு.”

அவன் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைத் தாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இது எனக்குத் தாங்கவில்லை. அமிர்தம் கொண்டுவந்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எந்தச் சாவு வீட்டிலும் ஃபாரத்தை எடுக்கவில்லை. எந்த மூஞ்சியோடு எடுப்பது? என்னை விட்டால் எங்கள் பக்கத்தில் கேட்க வேறு ஆளும் இல்லை. நான் செத்தால் என் கண்ணையாவது கொடு என்று மகளிடம் சொன்னேன். “சும்மா இருப்பா” என்று போனை வைத்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மாரிமுத்துவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். இன்னும் வரவில்லை ஐயா என்கிறாள் சகாயராணி. போன தடவை டாக்டரம்மா, கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, நரம்பு தேய ஆரம்பித்திருக்கிறது, ரொம்ப நாள் போனால் புதுக் கருவிழி வைத்தும் பிரயோசனம் இருக்காது என்றார். 

இந்தத் தையில் மறுபடி பாகூர்ப் பக்கம் வயல். ஜோடிச் சட்டத்தை இப்போதுதான் மாற்றினேன். புருஷனை இழந்த ஒருத்தியோடு அமிர்தத்தைச் சேர்த்துவிட்டேன். கத்தியை அமிர்தம்தான் எடுத்தாள், நன்றாகவே வெட்டுகிறாள். மாரிமுத்துவை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார வைத்திருந்தாள். கட்டுக்குக் கயிறு திரிக்க அவனிடம் சோகையைக் கொடுத்திருந்தோம்.

நேற்றுக் காலை வயலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் மேளம் கேட்டது. மாரிமுத்துவின் கை நின்றது. முகம் திரும்பியது.

“யாரு மேஸ்திரி?”

விசாரித்துச் சொன்னேன். ஐம்பது வயது, சைக்கிள் கடைக்காரர்.

“எப்போ?”

“காலைல ஆறு மணிக்காம்.”

கொஞ்சம் தயங்கினான். அப்புறம் கேட்டான். “இப்போ மணி என்ன?”

போனை எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். “ஒம்பதே முக்கா.”

“இன்னும் ரெண்டேகால் மணி நேரம்” என்றான். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அமிர்தம் கத்தியைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தெரு இருநூறு அடி தூரம்கூட இருக்காது. நான் டிராக்டர் பக்கம் திரும்பி, “கட்ட ஏத்துங்கப்பா, லோடு போவணும்” என்று கத்தினேன்.